விம் எடிட்டரை மூல நிரலிலிருந்து கட்டுவது: கன்ஃபிகர் சொல்வதைக் கவனியுங்கள்

டெபியன் லினக்ஸைப் புதிதாகப் போட்டு, டெர்மினலில் விஐ என்று தட்டினால் திறப்பது விம்-டைனி, அதாவது விம் எடிட்டரின் மிகச் சின்ன வடிவம். அவசரத்துக்கு ஒரு கோப்பைத் திருத்த அது போதும். ஆனால் நிரலுக்கு வண்ணம் காட்டாது, ஸ்கிரிப்ட் ஓட்டாது, ப்ளகின் ஒன்றும் அதில் எடுபடாது. டெபியனின் நிறுவல் கருவியான ஏப்ட் வழியாக விம் என்ற பொதியை (பேக்கேஜ்) நிறுவினால் இந்தக் குறைகள் தீரும். அதற்கு மேல் கிளிப்போர்டும் பைத்தானும் வேண்டுமென்றால் விம்-ஜிடிகே3 என்ற பொதி இருக்கிறது. உங்கள் தேவை அத்துடன் முடிந்துவிட்டால் அதை நிறுவிவிட்டு வேலையைப் பாருங்கள். மூல நிரல் பக்கம் வரவே வேண்டாம்.

வர வேண்டியவர்கள் வேறு. கல்லூரி லேபிலோ அலுவலக சர்வரிலோ ரூட் (நிர்வாகி) உரிமை இல்லாதவர்கள், டெபியன் பொதியில் இன்னும் வந்துசேராத ஒரு திருத்தம் தேவைப்படுபவர்கள், தனக்கு வேண்டிய வசதி மட்டும் இருந்தால் போதும் என்பவர்கள். அப்புறம், பெரிய சி நிரல் ஒன்று யூனிக்ஸில் எப்படிக் கட்டப்படுகிறது என்று ஒருமுறையாவது கண்ணால் பார்க்க ஆசைப்படுபவர்கள். இந்தக் கடைசி ரகத்துக்கு விம் நல்ல பள்ளிக்கூடம். கூட இழுத்துவரும் நூலகங்கள் குறைவு, கட்ட சில நிமிடம்தான் ஆகும், மூல நிரலுக்குள்ளேயே குறிப்புகள் தாராளமாக இருக்கின்றன.

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில், ஒலிக்கிறபடி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன். கோடு, சாய்கோடு, சமக்குறி எல்லாம் இங்கே உள்ளபடியே.

முதலில் தேவையானவை

சுடோ ஏப்ட் இன்ஸ்டால் கிட் பில்ட்-எஸென்ஷியல் லிப்என்கர்ஸஸ்-டெவ் பைத்தான்3-டெவ் லிப்எக்ஸ்11-டெவ் லிப்எக்ஸ்டி-டெவ்

பில்ட்-எஸென்ஷியல் என்பதில் சி கம்பைலரும், கட்டும் வேலையை வரிசையாக நடத்தும் மேக் கருவியும் வந்துவிடும். என்கர்ஸஸ் டெர்மினலோடு பேசுவதற்கு. எக்ஸ்11, எக்ஸ்டி இரண்டும் யூனிக்ஸின் ஜன்னல் அமைப்பான எக்ஸின் நூலகங்கள், கிளிப்போர்டுக்கு. சர்வரில் கட்டுகிறீர்கள், கிளிப்போர்டு வேண்டாம் என்றால் கடைசி இரண்டை விட்டுவிடலாம்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் அந்த ‘-டெவ்’ வால்தான். “என்கர்ஸஸ் ஏற்கெனவே என் கணினியில் இருக்கிறதே, பேஷே அதை வைத்துத்தானே ஓடுகிறது?” என்ற கேள்வி வரும். இருப்பது ஓடுவதற்கான நூலகம். அதை வைத்து இன்னொரு நிரலைக் கட்ட வேண்டுமானால் ஹெடர் கோப்புகளும் இணைப்புக்கான சில கோப்புகளும் வேண்டும். டெபியன் இவற்றைத் தனிப் பொதியாகப் பிரித்து ‘-டெவ்’ என்று வால் ஒட்டி வைத்திருக்கிறது. ஃபெடோராவில் அதே வால் ‘-டெவல்’.

மூல நிரலை இறக்குவது

கிட்ஹப்பில் விம் என்ற கணக்கில், விம் என்ற பெயரிலேயே களஞ்சியம் இருக்கிறது.

கிட் க்ளோன் --டெப்த் 1 எச்டிடிபிஎஸ்://கிட்ஹப்.காம்/விம்/விம்.கிட்
சிடி விம்/எஸ்ஆர்சி

டெப்த் 1 போடாவிட்டால் பல ஆண்டு வரலாறும் சேர்ந்து இறங்கும். வரலாற்றைத் துருவ நினைப்பவர்கள் தவிர யாருக்கும் அது தேவையில்லை.

எஸ்ஆர்சி ஃபோல்டரில் ஒருமுறை எல்எஸ் அடித்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் இன்ஸ்டால் என்று ஒரு கோப்பு இருக்கும். யூனிக்ஸில் கட்டுவதற்கான அதிகாரபூர்வக் குறிப்பு அதுதான். அதே இடத்தில் ஓஎஸ்_அமிகா.சி, ஓஎஸ்_யூனிக்ஸ்.சி என்ற கோப்புகளும் கண்ணில் படும். பிராம் மூலநார் 1988-இல் விம்மைத் தொடங்கியது அமிகா கணினியில். 1991-இல் வெளியே விட்டார், 1992-இல் யூனிக்ஸுக்குக் கொண்டுவந்தார். பழைய வீட்டின் தூணை இன்னும் யாரும் பிடுங்கவில்லை.

ஓஎஸ்_யூனிக்ஸ்.சி கோப்பைத் திறந்து கொஞ்சம் உருட்டினால் கன்ஃபிகர் எதற்கு என்பது தானே விளங்கும். பக்கத்துக்குப் பக்கம் ‘இது இருந்தால் இப்படி, இல்லாவிட்டால் அப்படி’ என்ற இஃப்டெஃப் வரிகள். யூனிக்ஸ் என்பது ஒரே பொருளாக என்றும் இருந்ததில்லை. சோலாரிஸ், ஏஐஎக்ஸ், எச்பி-யூஎக்ஸ், பிஎஸ்டி வகைகள், பிறகு லினக்ஸ் என்று ஒவ்வொன்றிலும் சில ஃபங்ஷன்கள் உண்டு, சில கிடையாது. உங்கள் கணினியில் எவை உண்டு என்று கண்டுபிடித்து அந்த இஃப்டெஃப்களுக்கு விடை எழுதித் தருவதுதான் கன்ஃபிகரின் வேலை.

கன்ஃபிகர் உள்ளே என்ன செய்கிறது

இது ஆட்டோகான்ஃப் என்ற கருவி உருவாக்கிய ஷெல் ஸ்கிரிப்ட். டேவிட் மெக்கென்ஸி 1991-இல் எழுதிய கருவி அது. விம்மில் நிஜமான ஸ்கிரிப்ட் ஆட்டோ ஃபோல்டருக்குள் இருக்கிறது. எஸ்ஆர்சி-யில் இருக்கும் கன்ஃபிகர் அதை அழைக்கும் சின்னக் கோப்பு. நீங்கள் எஸ்ஆர்சி-யில் இருந்தே ஓட்டுங்கள், ஆட்டோவுக்குள் போய் ஓட்ட வேண்டாம்.

அதன் வழிமுறை ரொம்ப நேரடியானது. ஒவ்வொரு கேள்விக்கும் கான்ஃப்டெஸ்ட்.சி என்ற பெயரில் சில வரிகளில் ஒரு சி நிரலை எழுதும். அதைக் கம்பைல் செய்து பார்க்கும். கம்பைல் ஆகிவிட்டால் ‘யெஸ்’, ஆகாவிட்டால் ‘நோ’. பிறகு அதை அழித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகும். உதாரணமாக, டெர்மினலின் இயல்புகளை அறிய டிகெட்என்ட் என்ற ஃபங்ஷன் வேண்டும். அதை அழைக்கும் ஒரு குட்டி நிரலை எழுதி, என்கர்ஸஸோடு இணைத்துப் பார்க்கும். இணைந்துவிட்டால் ஆட்டோ/கன்ஃபிக்.எச் கோப்பில் அதற்கு 1 என்ற டிஃபைன் வரி விழும். ஒரு வசதி கிடைக்காவிட்டால் அந்த வரி அன்டெஃப் என்று கமெண்ட்டுக்குள் போய்விடும். கன்ஃபிக்.எச் கோப்பைத் திறந்து பார்த்தால் உங்கள் கணினியைப் பற்றிய ஒரு நீண்ட கேள்வி-பதில் தாள் மாதிரி இருக்கும்.

இங்கேதான் முக்கியமான சங்கதி. பெரும்பாலான கேள்விகளுக்கு ‘நோ’ என்று விடை வந்தால் கன்ஃபிகர் நிற்காது. சாம்பார் தீர்ந்துவிட்டது என்று சொல்லாமல் அடுத்த இலைக்கு நகர்ந்துவிடும் பரிமாறுபவர்போல, பைத்தான் கேட்டீர்கள், கிடைக்கவில்லை என்றால் பைத்தான் இல்லாமலே கட்டத் தயாராகிவிடும். கடைசியில் பிழை ஏதும் இல்லை, மேக் ஓடுகிறது, விம் திறக்கிறது. ஒரு வாரம் கழித்து ஏதோ ஒரு ப்ளகின் “பைத்தான் ஆதரவு இல்லை” என்று முனகும்போதுதான் தெரியவரும்.

விருப்பங்கள்

கன்ஃபிகரை ஓட்டாமல் நேரே மேக் என்று அடித்தாலும் விம் கட்டப்படும். மேக்ஃபைலே கன்ஃபிகரை அழைத்துக்கொள்ளும், எல்லாம் இயல்பு மதிப்புகளோடு. கருவிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க முதல் தடவை அப்படியே அடித்துப் பார்க்கலாம். உங்கள் விருப்பப்படி வேண்டுமென்றால் இப்படி:

./கன்ஃபிகர் --ப்ரிஃபிக்ஸ்=$ஹோம்/.லோக்கல் --வித்-ஃபீச்சர்ஸ்=ஹ்யூஜ் --எனேபிள்-பைத்தான்3இன்டர்ப்=யெஸ் --எனேபிள்-ஜியூஐ=நோ --வித்-எக்ஸ் --எனேபிள்-ஃபெயில்-இஃப்-மிஸ்ஸிங்

எல்லாம் ஒரே வரி. ஹோம் மட்டும் பெரிய எழுத்தில்.

ப்ரிஃபிக்ஸ் என்பது எங்கே நிறுவ வேண்டும் என்பது. ஒன்றும் சொல்லாவிட்டால் /யூஎஸ்ஆர்/லோக்கல். அதற்கு ரூட் உரிமை வேண்டும். உங்கள் ஹோமுக்குள் கொடுத்துவிட்டால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இந்தப் பாதை நிரலுக்குள்ளேயே பதிந்துவிடும் என்பதை ஞாபகத்தில் வையுங்கள். கட்டும்போது ஆட்டோ/பாத்டெஃப்.சி என்று ஒரு கோப்பு உருவாகிறது, அதில் இந்தப் பாதை எழுத்துக்கு எழுத்து இருக்கும். நிறுவிய பிறகு விம் கோப்பை மட்டும் வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினாலும் வண்ணக் கோப்புகளையும் உதவிப் பக்கங்களையும் பழைய இடத்திலேயே தேடும்.

ஃபீச்சர்ஸ் என்பதற்கு இப்போது டைனி, நார்மல், ஹ்யூஜ் என்று மூன்று அளவு. முன்பு ஸ்மால், பிக் என்று இன்னும் இரண்டு இருந்தன. பழைய குறிப்புகளில் பார்த்தால் குழம்ப வேண்டாம். இன்று எதுவும் சொல்லாவிட்டாலே ஹ்யூஜ்தான். இருந்தும் நான் எழுதிவிடுவேன், பின்னால் படிப்பவருக்கு என்ன கேட்டோம் என்று தெரியட்டும் என்று. அதே பழைய குறிப்புகளில் மல்டிபைட் என்று ஒரு விருப்பமும் வரும். தமிழ் தட்டுபவர்கள் அந்தக் காலத்தில் அதைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது; இப்போது டைனியில்கூட அது உண்டு.

ஜியூஐ வேண்டாம், எக்ஸ் வேண்டும் என்ற சேர்க்கை முரண்போலத் தெரியலாம். தனி ஜன்னலில் திறக்கும் ஜிவிம் வேண்டாம், ஆனால் டெர்மினல் விம்மில் நகலெடுத்ததை பிரவுசரில் ஒட்ட வேண்டும் என்பவர்களுக்கு இதுதான் சரியான சேர்க்கை. சர்வரானால் --வித்அவுட்-எக்ஸ் போடுங்கள். எஸ்எஸ்எச் வழியாக எக்ஸ் இணைப்போடு நுழைந்தால் விம் திறக்கும்போதே எக்ஸ் சர்வரைத் தொடர்புகொள்ளப் பார்க்கும், மெதுவான இணைப்பில் அந்தத் தாமதம் எரிச்சலூட்டும்.

கடைசி விருப்பம்தான் என் கட்சி. ஃபெயில்-இஃப்-மிஸ்ஸிங் போட்டால், நீங்கள் பெயர் சொல்லிக் கேட்டது கிடைக்காதபோது கன்ஃபிகர் சத்தம்போட்டு நின்றுவிடும். இயல்பாகவே இதை வைத்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனாலும் எல்லா ஓட்டைகளையும் இது அடைக்கும் என்று நம்பிவிடாதீர்கள். கடைசியில் பதிப்பைச் சரிபார்ப்பதை விடக்கூடாது.

இதே விருப்பங்களை இன்னொரு வழியிலும் கொடுக்கலாம். எஸ்ஆர்சி-யில் உள்ள மேக்ஃபைலைத் திறந்தால் கான்ஃப்_ஆப்ட் என்று தொடங்கும் வரிகள் வரிசையாக இருக்கும், எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு ஹேஷ் குறி. வேண்டியதன் ஹேஷை அழித்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் மேலே விளக்கம் இருப்பதால் படிக்க அருமையான கோப்பு. படிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதைத் திருத்திவிட்டால் பின்னால் கிட் புல் அடிக்கும்போது மோதல் வரலாம். கன்ஃபிகர் வரியை ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்டில் எழுதி விம் ஃபோல்டருக்கு வெளியே வைப்பது சுத்தம்.

ஓடும்போது எதைப் பார்ப்பது

திரையில் ‘செக்கிங்’ என்று தொடங்கும் வரிகள் ஓடும். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். நீங்கள் கேட்டவற்றைப் பற்றிய வரிகளை மட்டும் தேடுங்கள். பைத்தான்3 பகுதியில் பைத்தானின் பாதை, பதிப்பு, அதன் கன்ஃபிகரேஷன் ஃபோல்டர் என்று அடுத்தடுத்து வரும். பைத்தான்3-டெவ் இல்லாத கணினியில் முதல் இரண்டுக்கும் நல்ல விடை வந்து, மூன்றாவதில் ‘கான்ட் ஃபைண்ட் இட்!’ என்று ஆச்சரியக்குறியோடு நிற்கும்.

கன்ஃபிகர் எப்படியும் நின்றுவிடும் ஒரு இடம் டெர்மினல் நூலகம். அது இல்லாமல் விம்மே இல்லை என்பதால், ‘நாட் ஃபவுண்ட்!’ என்று பெரிய எழுத்தில் கத்திவிட்டு, டெர்மினல் நூலகம் ஒன்றை நிறுவச் சொல்லும். லினக்ஸில் எந்தப் பொதி என்று பெயரையும் சொல்லும். அப்படிப்பட்ட செய்தி வந்தால் நன்றி சொல்லிவிட்டு அந்தப் பொதியை நிறுவுங்கள்.

பொதி இருக்கிறது, ஆனாலும் ‘நோ’ வருகிறது என்றால் ஆட்டோ/கன்ஃபிக்.லாக் கோப்பைத் திறங்கள். நீளத்தைப் பார்த்து மிரள வேண்டாம். நீங்கள் திரையில் கண்ட ‘செக்கிங்’ வரியை அதில் தேடுங்கள். அதற்குக் கீழே கம்பைலர் சொன்ன பிழையும், தோற்றுப்போன அந்தக் குட்டி நிரலும் முழுதாக இருக்கும். ‘கேனாட் ஃபைண்ட் -எல்என்கர்ஸஸ்’ என்று இணைப்பான் சொல்லியிருந்தால் காணோம் என்பது இணைப்புக்கான நூலகக் கோப்பு. ‘நோ ஸச் ஃபைல்’ என்று ஒரு ஹெடரின் பெயரோடு வந்திருந்தால் அந்த ஹெடர் கோப்பு. இரண்டுமே -டெவ் பொதியில்தான் வரும். பெரும்பாலான சிக்கல்கள் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். கோப்பின் தலைப்பகுதியில் நீங்கள் கன்ஃபிகரை என்ன விருப்பங்களோடு ஓட்டினீர்கள் என்பதும் பதிந்திருக்கும். ஸ்கிரிப்டைத் தொலைத்தவர்களுக்கு உபயோகப்படும்.

காணாமல்போன பொதியை நிறுவிவிட்டு மறுபடி ஓட்டும்போது ஒரு கண்ணி உண்டு. கன்ஃபிகர் தன் பழைய விடைகளை ஆட்டோ/கன்ஃபிக்.கேஷ் கோப்பில் சேமித்து வைக்கிறது. நேற்று ‘நோ’ என்றதை இன்றும் அதைப் பார்த்தே சொல்லக்கூடும். அதனால்:

மேக் டிஸ்ட்க்ளீன்

என்று அடித்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டுக் கன்ஃபிகரை ஓட்டுங்கள். மேக்ஃபைல் வழியாகவே விருப்பம் தருபவர்களுக்கு மேக் ரீகன்ஃபிக் என்று ஒன்று இருக்கிறது, அதுவும் புதிதாக விசாரிக்கும்.

கட்டி, சோதித்து, நிறுவுவது

மேக் -ஜே4

ஜே4 என்றால் ஒரே நேரத்தில் நான்கு கம்பைல். உங்கள் சிபியூவுக்கு ஏற்றபடி எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். சில கணினிகளில் கடைசிக் கட்டத்தில் லிங்க்.எஸ்எச் என்ற ஸ்கிரிப்ட், நூலகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி இணைத்துப் பார்த்து, “இந்த நூலகம் நமக்குத் தேவையில்லை!” என்று உற்சாகமாக அறிவிக்கும். அது பிழைச் செய்தி அல்ல.

முடிந்ததும் எஸ்ஆர்சி-யிலேயே விம் தயார். ஆர்வத்தில் உடனே ./விம் என்று திறந்தால், உங்களுக்கு விம்ஆர்சி என்ற சொந்த அமைப்புக் கோப்பு இல்லாத பட்சத்தில், டிஃபால்ட்ஸ்.விம் கோப்பை ஏற்ற முடியவில்லை என்று ஈ1187 பிழை வரலாம். நிறுவாததால் ரன்டைம் கோப்புகள் இன்னும் இடத்துக்குப் போகவில்லை, அவ்வளவுதான். முன்னால் விம்ரன்டைம்=../ரன்டைம் என்று சேர்த்து ஓட்டினால் வந்துவிடும்; சமக்குறிக்கு இடப்பக்கம் முழுக்கப் பெரிய எழுத்து.

நேரமிருந்தால் மேக் டெஸ்ட் அடியுங்கள். திரை பேய் பிடித்ததுபோல ஆடும், தொடாமல் விடுங்கள். ‘ஆல் டன்’ என்று முடிந்தால் நிம்மதி. பிறகு:

மேக் இன்ஸ்டால்
$ஹோம்/.லோக்கல்/பின்/விம் --வெர்ஷன்

இரண்டாவது வரி நீளமான பட்டியல் தரும். வசதியின் பெயருக்கு முன்னால் கூட்டல் குறி இருந்தால் உண்டு, கழித்தல் இருந்தால் கிடையாது. பைத்தான்3, கிளிப்போர்டு, எக்ஸ்டெர்ம்_கிளிப்போர்டு மூன்றுக்கும் கூட்டல் இருக்கிறதா என்று பாருங்கள். எந்த ஒட்டு (பேட்ச்) எண் வரை சேர்ந்திருக்கிறது என்பதும் மேலேயே தெரியும்.

சரி, வெறுமனே விம் என்று தட்டினால் பழைய விம்மே திறக்கிறதா? பாத் மாறியில் உங்கள் .லோக்கல்/பின் முதலில் இருக்க வேண்டும். அது இருந்தும் பழையதே வந்தால் பேஷ் பழைய இடத்தை நினைவில் வைத்திருக்கிறது. ஹேஷ் -ஆர் அடித்தால் மறந்துவிடும்.

ஃப்ரீபிஎஸ்டியில் என்றால்

வேலை இன்னும் குறைவு. கம்பைலரும் என்கர்ஸஸும் ஹெடர்களோடு அடிப்படை நிறுவலிலேயே இருக்கின்றன. கிட்டை மட்டும் பிகேஜி இன்ஸ்டால் கிட் என்று வாங்கிக்கொள்ளுங்கள். பைத்தான், எக்ஸ் போன்ற வெளியார் சமாச்சாரம் எல்லாம் அங்கே /யூஎஸ்ஆர்/லோக்கலுக்குள் இருக்கும். கம்பைலர் தானாக அங்கே தேடாது, அதனால் பல நிரல்களுக்கு நாம் பாதையை எடுத்துக்கொடுக்க வேண்டும். விம்மின் கன்ஃபிகர் அந்த இடத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். வேறு இடம் என்றால் --வித்-லோக்கல்-டிர் போட்டுச் சொல்லலாம்.

அங்கே விஐ என்று தட்டினால் வருவது என்விஐ, பெர்க்லி வழி வந்த வேறொரு எடிட்டர். விம் நிறுவிய பிறகும் அது அப்படியேதான் இருக்கும், விம் வேண்டுமானால் விம் என்று முழுதாகத் தட்ட வேண்டும். சிஷெல் பயன்படுத்துபவர்களுக்கு ஹேஷ் -ஆர் கிடையாது, ரீஹேஷ்.

தமிழ் தட்டுபவர்களுக்கு

நிறுவிய ரன்டைம் ஃபோல்டருக்குள் கீமேப் என்ற இடத்தில் டமில்_டிஸ்கி.விம் என்று ஒரு கோப்பு இருப்பதைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். அது யூனிகோடு பரவுவதற்கு முன் புழங்கிய டிஸ்கி குறிமுறைக்கானது. இப்போது உங்கள் கணினியின் வழக்கமான தமிழ் விசைப்பலகையே போதும். எக்ஸ் விசையை அழுத்தினால் ‘கி’ முழுதாக அழிகிறதே, இகரக் குறியை மட்டும் அழிக்க வேண்டும் என்பவர்கள் விம்ஆர்சி-யில் செட் டெல்கம்பைன் என்று ஒரு வரி சேர்க்கவும். டெர்மினலில் எழுத்துகள் உடைந்து தெரிந்தால் அது டெர்மினலின் கைங்கரியம், கன்ஃபிகரைத் திரும்ப ஓட்டிப் பயனில்லை.

பிறகு புதுப்பிக்க

விம்முக்கு எண்ணிட்ட ஒட்டுகள் அடிக்கடி வந்துகொண்டே இருக்கும். மூலநார் 2023 ஆகஸ்ட்டில் மறைந்த பிறகு கிறிஸ்டியன் பிராபன்ட் பொறுப்பில் பணி தொடர்கிறது. 2024 ஜனவரியில் வந்த 9.1 பதிப்பை மூலநாருக்கே காணிக்கையாக்கினார்கள். ஒவ்வொரு ஒட்டுக்கும் ஓட வேண்டாம். தேவைப்படும்போது கிட் புல், மேக் டிஸ்ட்க்ளீன், உங்கள் ஸ்கிரிப்ட், மேக், மேக் இன்ஸ்டால். இந்த வரிசை போதும்.

வேண்டாம் என்று தோன்றினால் அதே ஃபோல்டரில் மேக் அன்இன்ஸ்டால் இருக்கிறது. அதற்கு அந்த மூல நிரல் ஃபோல்டர் அதே கன்ஃபிகர் அமைப்போடு இருக்க வேண்டும், எனவே நிறுவிய கையோடு அதை அழித்துவிடாதீர்கள்.